ஏழாம் நாள் எங்கே?

கருமத்தம்பட்டியில் சனிக்கிழமை பொதுக்கூட்டம். பத்து மணிக்கு ஒலிபெருக்கி அடங்கிற்று. மாலைகள் மேடையிலே வாடிக் கிடந்தன. கைகுலுக்க வந்தோர், படமெடுத்துக்கொள்ள வந்தோர், அடுத்த கூட்டத்துக்குத் தேதி கேட்க வந்தோர் எல்லாரும் கலைந்துபோக மணி பதினொன்றரை ஆகிவிட்டது. தொண்டை வறண்டு, நெடுஞ்சாலை ஓரத்துப் பேக்கரியில் தேநீர் அருந்தச் சென்றேன். அங்கே, அடைத்துக்கொண்டிருந்த கடையின் படிக்கட்டருகே ஒரு தலைமைக் காவலர் நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. சட்டையின் முதுகிலே வியர்வை காய்ந்து உப்பு வெள்ளைக் கோடு வரைந்திருந்தது. ஒரு காலைத் தூக்கி மறுகாலுக்கு ஓய்வு தருவதும், பிறகு அந்தக் காலைத் தூக்கி இந்தக் காலுக்கு ஓய்வு தருவதுமாக நின்றார். வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு அனுப்பப்பட்டவர். எந்த நிலையம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"ஏனுங்க, பேச்சு முடிஞ்சுதுங்களா?" என்றார்.

"முடிஞ்சுதுங்கண்ணா. நீங்க கேக்கலீங்களா?"

"சத்தம் கேட்டுதுங்க. பேச்சு கேக்கலீங்க. காத்தால அஞ்சு மணிக்கு நின்ன காலுங்க இது. காதுக்கு எங்கீங்க ஏறுது!"

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே, ஓய்வெடுத்துக்கொள்ளலாமே என்றேன், எனக்குத் தெரிந்த உலக ஞானத்தோடு. அவர் சிரித்தார். கோவைக்கு யாரோ பெரியவர் வருகிறாராம். நாலு மணிக்கு வேன் ஏறவேண்டுமாம். "போன மாசம் ஒரு நாள் லீவு குடுத்தாங்க. ஊட்டுக்குப் போயி செருப்பக் கழட்டறதுக்குள்ள போன் வந்துருச்சுங்க."

தோழர்களே, அன்றிரவு நான் ஒரு மணி இருபது நிமிடம் பேசினேன். பேசிய பொருள் என்ன தெரியுமா? உழைப்போர் உரிமை! எட்டு மணி நேர வேலைக்காகச் சிகாகோ நகரத்துத் தொழிலாளர் 1886ஆம் ஆண்டு சிந்திய குருதியை நான் வருணித்தபோது நீங்கள் கைதட்டினீர்கள்; விசைத்தறித் தோழர்கள் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். எட்டு மணி நேர வேலையின் புகழை நான் பாடி முடிக்கும்வரை, அந்த மேடைக்குக் காவலாகப் பதினேழாவது மணி நேரத்தையும் கடந்து ஒருவர் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். நாடகம் எழுதுகிறவன் நான். இப்படியொரு காட்சியை நான் எழுதியிருந்தால், மிகைப்படுத்திவிட்டாய் என்று நண்பர்கள் திருத்தியிருப்பார்கள்.

நாடகம் என்றதும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். என் நாடகங்களிலே போலீசுக்காரன் வருவான். எதற்கு வருவான்? சிரிப்பு மூட்ட வருவான். அல்லது ஏழையை உதைக்க வருவான். தொந்தி, தொப்பி, தடி, நீட்டிய கை ஆகிய நான்கும் இருந்தால் போதும், பாத்திரம் தயார்! அவனுக்கு வீடு உண்டா, அந்த வீட்டிலே பிள்ளை உண்டா, பிள்ளை உறங்கும்போது மட்டுமே பார்த்த தகப்பனா அவன் என்பதை ஒரு காட்சியிலும் நான் எழுதியதில்லை. கல்லூரியை இரண்டாம் ஆண்டிலேயே விட்டு மேடையேறியவன் நான். என் பக்கத்து இருக்கையில் இருந்தவன் படிப்பை முடித்துவிட்டுக் காவலர் தேர்வு எழுதினான். இன்று அவன் இரண்டாம் நிலைக் காவலர் என்பதிலிருந்து முதல்நிலைக்கு ஏறியிருக்கிறான். அவன் திருமண நாளை நான் நினைவு வைத்திருக்கிறேன். அவன் அந்த நாளில் வீட்டில் இருந்த ஆண்டு ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

முதலில் கூலிக் கணக்கைப் பார்ப்போம். கூலிக் கணக்கு பார்க்காமல் நியாயம் பேசுவது நம் வழக்கமன்று.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறினால் போதும் என்கிறது விதி. வரிசையில் நிற்பதோ பட்டதாரியும் பொறியாளனும்! ஓட்டமும் கயிறேற்றமும் தாண்டித் தேறிய இரண்டாம் நிலைக் காவலருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 18,200 ரூபாய். நேரடியாக வரும் சார்பு ஆய்வாளருக்கு 36,900. இந்தியக் காவற்பணி அதிகாரி முதல் நாள் நாற்காலியில் அமரும்போது 56,100. படிகள் இவற்றின்மேல் சேரும், அதை மறைக்கவில்லை. ஓய்வூதியக் கதை தனிக்கதை. அதை வேறொரு ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்வோம்.

சோமனூர்த் தறிக்காரத் தோழர் குறுக்கிடுவார்: "பதினெட்டாயிரமும் படியும் மாதாமாதம் வருகிறதே! எனக்கு நூல் விலை ஏறினால் தறி நிற்கும், தறி நின்றால் அடுப்பு நிற்கும். அவருக்கு என்ன குறை?" கேட்கவேண்டிய கேள்விதான். விடை, ரூபாயை மணியால் வகுத்தால் கிடைக்கும். காமன் காஸ் என்ற அமைப்பும் வளர்சமுதாய ஆய்வு மையமும் இணைந்து 2019இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியக் காவலர் சராசரியாக நாளொன்றுக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார் என்றது. இருவரில் ஒருவருக்கு வார விடுமுறையே கிடையாது என்றது. நாளைக்குப் பதினான்கு, மாதத்துக்கு முப்பது நாள், ஆக 420 மணி. பதினெட்டாயிரத்து இருநூறை 420ஆல் வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 43 ரூபாய். அதே அடிப்படை ஊதியத்தை எட்டு மணி வேலைக்கும் இருபத்தாறு நாளுக்கும் வகுத்தால் மணிக்கு 87 ரூபாய்! அவரிடமிருந்து சரிபாதியைப் பறித்தது யார்? கூலியைக் குறைக்கவில்லை, ஐயா, மணியைக் கூட்டினார்கள்! ஆலை முதலாளி இதைச் செய்தால் நாம் வாயிற்கூட்டம் போடுவோம். சர்க்கார் செய்தால் அதற்குப் பெயர் "கடமை".

இந்தக் கணக்கு வெளியாரின் கற்பனையன்று. மத்திய அரசின் சொந்த நிறுவனமான காவல் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகமே 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. காவல் நிலையத்தாரில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எட்டு மணிக்கு மேல் வேலை செய்கிறார்கள் என்று அதில் எழுதிற்று. தம் ஆட்கள் 11 மணி நேரமோ அதற்கு மேலுமோ பணியில் இருப்பதாக நிலைய அதிகாரிகளில் நூற்றுக்கு 68 பேர் ஒப்புக்கொண்டார்கள். எட்டு மணி முறை கொண்டுவர எவ்வளவு ஆள் வேண்டும் என்பதைக் கணக்கிடத்தான் அந்த ஆய்வே நடந்தது. கணக்கு வந்தது, காகிதம் வந்தது, ஆள்தான் வரவில்லை.

இந்த நோயின் வேர் எங்கே இருக்கிறது? வெள்ளையன் காலத்துக்குப் போகவேண்டும். சென்னை மாகாணத்திலே வரி வசூலிக்கக் குடியானவனைக் குனியவைத்துக் கல்லேற்றிய கொடுமைகளை விசாரிக்க 1855இல் சித்திரவதை விசாரணைக் குழு ஒன்று அறிக்கை தந்தது. அதன்பின் வந்ததுதான் 1859ஆம் ஆண்டின் காவல் சட்டம். 1857 கிளர்ச்சியின் நடுக்கம் தீராத நேரம் அது. இரண்டாண்டு கழித்து, 1861இல், அகில இந்தியச் சட்டம் பிறந்தது. அதன் 22ஆம் பிரிவு, காவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. எப்போதும்! உண்ணும்போதும், உறங்கும்போதும், பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்கும்போதும்! அவசரத்தில் கடமையிலிருந்து நழுவக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட வாசகம், அவசரமே இல்லாத நாளிலும் ஒருவரை நிற்கவைக்கும் நிரந்தர உரிமையாக மாறிவிட்டது. 1902இல் கர்சன் பிரபு அமைத்த பிரேசர் குழு, காவற்படை ஊழலும் ஒடுக்குமுறையும் உடையதென்று மக்கள் கருதுகிறார்கள் என எழுதிவைத்தது. கிளைக்குக் கிளை மருந்து தெளித்தார்கள். வேருக்கு நீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

சுதந்திரம் வந்தது. கொடி மாறியது. காக்கியின் நிறத்தோடு காக்கிக்குள் இருந்தவரின் நிலையும் மாறாமல் இருந்தது. 1966இல் ஒரு சட்டம்: காவற்படையினரின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம். அனுமதியின்றிச் சங்கத்தில் சேரலாகாது, பத்திரிகையோடு பேசலாகாது. வாயைக் கட்டியாயிற்று. வயிற்றெரிச்சலைக் கட்ட முடிந்ததா? 1967இல் டெல்லிக் காவலர்கள் வீதிக்கு வந்தார்கள். 1973 மே மாதம் உத்தரப்பிரதேச ஆயுதப்படை கிளர்ந்தெழுந்தது, இராணுவம் இறங்கிற்று, முதலமைச்சர் கமலாபதி திரிபாதி பதவி விலகினார். தர்மவீரா தலைமையிலான தேசியக் காவல் ஆணையம் தன் முதல் அறிக்கையை 1979 பிப்ரவரியில் தந்தது. சாதாரணக் காவலர் நாளும் பத்து முதல் பதினாறு மணி நேரம் உழைக்கிறார், குறைகளைச் சொல்ல அவருக்கு முறையான வழி வேண்டும் என்றது. அறிக்கையின் மை காய்ந்தது, வழி திறக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் பஞ்சாபில் பற்றிய தீ மாநிலம் மாநிலமாகத் தாவியது. பொகாரோவில் தொழிற்பாதுகாப்புப் படையினரை அடக்க இராணுவம் அனுப்பப்பட்டது. உடுப்பணிந்தவர்கள் உடுப்பணிந்தவர்களைச் சுட்டார்கள்.

மேனாட்டுக் கதையும் இதேதான், முடிவு மட்டும் சற்று வேறு. 1918 ஆகஸ்டு இறுதியில் இலண்டன் மாநகரப் போலீசு வேலை நிறுத்தம் செய்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம்! பிரதமர் லாயிட் ஜார்ஜ் ஊதியத்தை உயர்த்தினார். டெஸ்பரோ குழு அமைந்தது. மறு ஆண்டு வந்த சட்டம் வேலை நிறுத்தத்தைத் தடைசெய்தது. ஆனால் குறைகளை எடுத்துரைக்கக் காவலர் கூட்டமைப்பு என்ற ஒன்றைச் சட்டப்படியே நிறுவியும் தந்தது. ஒரு கதவை மூடினான், மறு கதவைத் திறந்தான்; அதுதான் ஆங்கிலேயனின் சாமர்த்தியம். தன் நாட்டில் திறந்த கதவை அவன் இங்கே திறக்கவில்லை. அவன் போன பின் நாமும் திறக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே 1919 செப்டம்பரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட காவலர்கள் வேலையை நிறுத்தினார்கள். அத்தனை பேரையும் விலக்கினார்கள். ஒருவரையும் திரும்பச் சேர்க்கவில்லை. அவர்கள் இடத்தில் புதியவர்களைச் சேர்த்தபோது, கூடுதல் ஊதியம் கொடுத்தார்கள், சீருடையை நகரமே வாங்கிக்கொடுத்தது. விலக்கப்பட்டவர்கள் கேட்டது அதைத்தான்! அவர்களை ஒடுக்கிய மாசச்சூசெட்ஸ் ஆளுநர் கால்வின் கூலிட்ஜ் அந்தப் புகழேணியில் ஏறி அமெரிக்க ஜனாதிபதியே ஆகிவிட்டார்.

தமிழகத்துக்கு வருவோம். ஆணையங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. 1969இல் ஆர்.ஏ. கோபாலசாமி தலைமையில் முதல் காவல் ஆணையம். பிறகு இரண்டாவது. 2006இல் பூரணலிங்கம் தலைமையில் மூன்றாவது. பிறகு நான்காவது. 2022இல் நீதியரசர் சி.டி. செல்வம் தலைமையில் ஐந்தாவது. ஒவ்வொன்றும் காவலரைக் கண்டது, கேட்டது, எழுதியது. நன்மைகள் சில விளைந்தன, மறுக்கவில்லை. ஒரே படியிலே சேர்ந்து அதே படியிலே ஓய்வுபெற்ற காலம் போய், பத்தாண்டில் முதல்நிலை, அதன்பின் ஐந்தாண்டில் தலைமைக் காவலர், மேலும் பத்தாண்டில் சிறப்புச் சார்பு ஆய்வாளர் என்றொரு கணக்கு நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. இருபத்தைந்து ஆண்டு! இருபது வயதில் சேர்ந்தவன் நாற்பத்தைந்தில் தோளிலே விண்மீனைக் காண்பான். அதற்குள் கண்ணிலே கண்ணாடியும் சர்க்கரை நோய்ச் சீட்டும் வந்துவிடும்.

பெண்களின் நிலையையும் சொல்லவேண்டும். 1973இல் தமிழகக் காவல்துறையில் பெண்கள் கால்வைத்தார்கள். 2023இல் அதன் பொன்விழா நடந்தது. அந்த விழாவில் முதலமைச்சர் அறிவித்தவற்றுள் ஒன்று, பெண் காவலரின் காலை வருகை அணிவகுப்பு ஏழு மணிக்குப் பதில் எட்டு மணிக்கு என்பது. ஒரு மணி நேரம்! ஆண்கள் இதைச் சிறு சலுகை என்பார்கள். அடுப்பு, தண்ணீர்க் குழாய், பள்ளிப் பிள்ளை, மாமியார் மருந்து என்று ஐந்து மணிக்கே முதல் பணி தொடங்கிவிடும் ஒருத்தியைக் கேளுங்கள், அந்த ஒரு மணியின் எடை தெரியும். அதற்கு முன் 2021 ஜூனில், முதலமைச்சர் செல்லும் வழியில் சாலையோரப் பாதுகாப்புக்குப் பெண் காவலரை நிறுத்தவேண்டாம் என்று ஆணை போயிற்று. அதுவரை எத்தனை ஆண்டுகள், எத்தனை பெண்கள், ஒதுங்க இடமின்றித் தண்ணீர் குடிக்கவே அஞ்சி, அவினாசி நெடுஞ்சாலை போன்ற சாலைகளின் ஓரங்களில் வெயிலில் நின்றார்கள்! ஆட்சிகள் மாறின, சாலையோரத்தில் நின்றவர் மாறவில்லை. எந்தக் கட்சிக் காரர் கார் விரைந்தாலும், உள்ளே இருந்தவர் கண்ணுக்கு அவர் மைல்கல்தான்.

ஆர்டர்லி கதை இன்னும் வேடிக்கை. அதிகாரி வீட்டுத் தோட்டத்துக்கு நீர் ஊற்றவும், நாயை உலாவ அழைத்துச் செல்லவும், காய்கறி வாங்கவும் காவலரைப் பயன்படுத்தும் முறை 1979இலேயே அரசாணையால் ஒழிக்கப்பட்டது. ஒழிக்கப்பட்ட அந்த முறையைக் கைவிடவேண்டும் என்று 2022 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் கடுமையாகக் கண்டிக்கவேண்டி வந்தது! நாற்பத்துமூன்று ஆண்டுகள். செத்ததாகச் சொல்லப்பட்ட வழக்கம் அதிகாரியின் பங்களாவிலே காலை நடை போய்க்கொண்டிருந்தது, கையிலே நாயின் சங்கிலியோடு. ஊருக்கு ஆள் பற்றாக்குறை என்று சொல்லும் அதே நாவு, வீட்டுக்கு ஆள் அனுப்பு என்றும் சொல்லிற்று. தடகளத் தேர்வில் ஓடித் தேறியவன், எசமானியம்மாவின் துணிக்கொடிக்கு எதிரே நின்று வணக்கம் வைக்கும்போது, அவன் உள்ளத்திலே என்ன விளையும்? மேலே குனிந்தவன் கீழே நிமிர்வான். யாரிடம்? புகார் கொடுக்க வரும் ஏழையிடம்.

இங்கே நம் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. "தடியடி பட்டவர்கள் நாம். தடி பிடித்தவனுக்கு நம் ஏட்டிலேயே வக்காலத்தா?" என்பீர்கள்.

கொங்கு மண்ணுக்கு இந்த நினைவு உண்டு. 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது, பொள்ளாச்சி வீதியிலே துப்பாக்கிச் சூடு. 1970 ஜூன் 19 அன்று, மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள்மீது பெருமாநல்லூரிலே துப்பாக்கிச் சூடு. மூன்று உழவர்கள் மாண்டார்கள். கருமத்தம்பட்டியிலிருந்து அவினாசியைத் தாண்டினால் பெருமாநல்லூர், அவ்வளவுதான் தொலைவு. அண்மையிலே, 2020இல் சாத்தான்குளம். 2025இல் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர் தனிப்படையின் பிடியில் உயிரிழந்த கொடுமை. இவற்றை மறக்கச் சொல்பவன் அல்லன் நான். களைப்பு கொலைக்குச் சமாதானம் ஆகாது. பதினாறு மணி நின்றவர்கள் பல்லாயிரவர். அவர்கள் எல்லாரும் அறைக்குள் வைத்து அடித்துக் கொல்வதில்லை. அடித்தவன் தண்டிக்கப்படவேண்டும், அடிக்க ஆணையிட்டவன் அதைவிடக் கடுமையாகத் தண்டிக்கப்படவேண்டும். மடப்புரத்துக்கு நியாயம் கேட்கும் நாவுதான் வார விடுமுறையும் கேட்கிறது. இரண்டும் ஒரே வழக்கு என்கிறேன்.

இன்னொரு நினைவும் உண்டு, அதைப் பேச நாம் கூசுகிறோம். அதே 1965 பிப்ரவரி, பத்தாம் தேதி. திருப்பூர். கூட்டத்தின் வெறியில் இரண்டு சார்பு ஆய்வாளர்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் இந்தியைத் திணித்தவர்கள் அல்லர். டெல்லியில் கையெழுத்திட்டவர்கள் அல்லர். தமிழ் பேசிய, தமிழில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்த இருவர். மொழிப்போர் மேடைகளில் நாம் ஆயிரம் பெயர் சொல்கிறோம். அந்த நாளைச் சொன்னதுண்டா? நானும் சொன்னதில்லை. இன்று எழுதுகிறேன்.

நெருக்கடி உள்ளத்தை என்ன செய்கிறது என்பதற்கும் நம் கொங்குநாடே சாட்சி சொல்கிறது. 2015 செப்டம்பர் 18, திருச்செங்கோடு. டி.எஸ்.பி. விஷ்ணுப்பிரியா, வயது இருபத்தேழு, கோகுல்ராஜ் கொலை வழக்கை விசாரித்துவந்தவர், தம் குடியிருப்பில் இறந்து கிடந்தார். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறை வரைக்கும் போயிற்று. 2023 ஜூலை 7. கோவை ரேஸ் கோர்ஸ். நான்கு மாவட்டங்களைக் கண்காணித்த கோவை சரக டி.ஐ.ஜி. விஜயகுமார் விடியற்காலை நடைப்பயிற்சி முடித்து முகாம் அலுவலகத்துக்குத் திரும்பி, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். மன அழுத்தத்துக்கு மருத்துவம் பெற்றுவந்தார், உறக்கமின்றித் தவித்தார் என்று செய்திகள் வந்தன. பணியோ குடும்பமோ காரணமல்ல, நோயே காரணம் என்று உயரதிகாரிகள் கூறினார்கள். மாண்டவரின் மனத்தைக் கிளறி நியாயம் பேச நமக்கு உரிமையில்லை, அதைச் செய்யப்போவதுமில்லை. அன்றைக்கு ஒரு பந்தோபஸ்துக் காவலர் என்னிடம் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்: "அய்யாவுக்கு டாக்டர் இருந்தாருங்க. எனக்குத் தூக்கம் வரலீன்னு நான் யாருகிட்டச் சொல்றதுங்க? சொன்னாத் துப்பாக்கியப் புடுங்கிட்டு, பேரு கெட்டுப்போயிருங்களே?"

அந்தக் கேள்விக்கு விடைதேட முயற்சியே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி என்று ஒன்றைத் தமிழகக் காவல்துறை நடத்தியது, நல்ல முயற்சி. ஆனால், பயிற்சி முடிந்து வெளியே வந்தவருக்கு அடுத்த பத்து நாளும் இரவுப் பணி போட்டால்? நீந்தக் கற்றுக்கொடுத்துவிட்டுக் காலிலே கல்லைக் கட்டுவதுபோல! உறங்காதவனுக்கு மருந்து உறக்கம். அதை வகுப்பறையில் போதிக்க முடியாது, பணிப்பட்டியலில் எழுதவேண்டும்.

பணிப்பட்டியலுக்கு வந்துவிட்டோம், தோழர்களே. இங்கேதான் விஷயமே இருக்கிறது. 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள்; அவ்வாண்டு நவம்பரில் அரசாணையும் வந்தது: காவலருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு. கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோவிலில் பாதிரியாரைக் கேளுங்கள், ஆறு நாளில் உலகைப் படைத்த கடவுள் ஏழாம் நாள் ஓய்வெடுத்தார் என்பார். நமக்கு அந்தக் கதையிலே நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, எல்லாம் வல்லவருக்கே ஆறு நாளைக்கு மேல் தாங்கவில்லை என்று எழுதிய மனிதன் உழைப்பின் வலி தெரிந்தவன்! அந்த ஏழாம் நாளைக் காவலருக்குத் தர, 1859 சட்டம் பிறந்ததிலிருந்து எண்ணினால், 162 ஆண்டுகள் பிடித்தன. தந்த பிறகாவது கிடைத்ததா? ஆணை ஏட்டில் இருக்கிறது, ஓய்வு கிடைக்கவில்லை என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வழக்குப் போயிற்று. வாய் கட்டப்பட்டவர்களுள் ஒருவரே வாசற்படி ஏறி வழக்காடினார் என்றால், உள்ளே எவ்வளவு கொதித்திருக்கவேண்டும்!

ஆணை ஏன் நடக்கவில்லை? அதிகாரிகள் சொல்லும் காரணம்: பந்தோபஸ்து. எந்தப் பந்தோபஸ்து? கருமத்தம்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை விபத்து ஒரு பக்கம். தறிக்கூடங்களின் திருட்டும் சச்சரவும் ஒரு பக்கம். வடக்கிலிருந்து வேலைக்கு வந்தோரின் தகராறு, மாதா கோவில் தேர், மாரியம்மன் பொங்கல், விசைத்தறியாளர் உண்ணாநோன்பு. 2017 செப்டம்பரில் சோமனூர்ப் பேருந்து நிலையத்தின் கூரை சரிந்து உயிர்கள் போனபோது, இடிபாட்டைச் சுற்றிக் கூட்டத்தை விலக்க முதலில் ஓடியவர்களும் காக்கிதான். இவை தவிர்க்க முடியாதவை. தவிர்க்கக்கூடியது எது? நம் கூட்டம்! ஆறு மணிக்கு என்று சுவரொட்டி. எட்டு மணிக்குத் தலைவர் வருகை. அதற்காகக் காலையிலிருந்தே காவல். அப்படிக் காக்கவைப்பதன் கொடுமை எதுவரை போகும் என்பதை 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் கண்டது. மணிக்கணக்கில் காத்த கூட்டத்தின் நெரிசலில் 41 உயிர்கள் போயின. குற்றம் யாருடையது என்பதை விசாரிப்பவர்கள் சொல்லட்டும். காத்திருந்த மணிகளைக் குறைத்திருக்கலாம் என்பதற்கு விசாரணை தேவையில்லை. எல்லாக் கட்சியும் தாமதத்தைப் பெருமையாக நினைக்கிறது. தலைவர் சீக்கிரம் வந்துவிட்டால் மரியாதை குறைந்துவிடுமாம்! நாம் தாமதிக்கும் ஒவ்வொரு மணியும், யாரோ ஒருவரின் ஏழாம் நாளிலிருந்து அறுத்தெடுத்த துண்டு.

சட்டமன்றத்தில் கேட்கவேண்டியதை நம் உறுப்பினர்கள் கேட்கவேண்டும். வார ஓய்வு ஆணை எந்த மாவட்டத்தில், எத்தனை பேருக்கு, எத்தனை வாரம் நடந்தது என்ற கணக்கை அவையில் வைக்கச் சொல்லவேண்டும். நிரப்பாத இடங்களின் பட்டியலைக் கேட்கவேண்டும். ஓய்வு நாளில் அழைக்கப்பட்டவருக்கு அந்த நாள் திரும்பத் தரப்பட்டதா என்று கேட்கவேண்டும். வேலை நிறுத்தம் செய்யும் உரிமை வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஆயுதம் ஏந்தியவர் பணியை நிறுத்தினால் பாதிக்கப்படுபவன் பங்களாக்காரன் அல்லன், பாமரன். ஆனால் குறையைச் சொல்ல ஒரு மன்றம், சொன்னவனைத் தண்டனை மாற்றத்துக்கு அனுப்பாத ஒரு மன்றம், 1919இல் இலண்டனில் கிடைத்தது இன்னும் நம் ஊருக்கு வரவில்லை.

அது அவர்கள் வேலை. நம் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை சோமனூரில் கூட்டம். மாலை ஆறு மணி என்றால் ஆறு மணி. தலைவர் வராவிட்டாலும் தொடங்கும். எட்டரைக்கு முடியும். என் பேச்சு முப்பது நிமிடம்; அதற்கு மேல் போனால் மேடையிலிருந்து யாரேனும் என் துண்டைப் பிடித்து இழுக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். வண்டி நிறுத்தவும், வழிவிடவும், பெண்கள் பக்கம் நெரிசல் வராமல் பார்க்கவும் தொண்டர்படைத் தோழர்கள் ஐம்பது பேர் வேண்டும். பந்தோபஸ்துக்கு எத்தனை காவலர் குறைவாகப் போதும் என்பதை அந்தப் பட்டியலோடு சேர்த்தே மனுவில் எழுதப்போகிறோம். பெயர் தருவோர் வெள்ளிக்கிழமைக்குள் கிளைச் செயலாளரிடம் தரவும். காவலுக்கு வருவோருக்கு நாற்காலி நாலும், குடிநீர்க் குடமும், பெண் காவலருக்கு மேடைக்குப் பின்னால் உள்ள தோழர் வீட்டில் கழிப்பறை வசதியும் ஏற்பாடாகியிருக்கின்றன.